கப்பலுக்குள் பெய்த பனி

2024 மார்ச் மாதம், ஒரே வாரத்தில் வந்த இரண்டு செய்திகளைக் கத்தரித்து என் டயரிக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் செய்தி ஒரு மரணச் செய்தி. கடற்படையின் முன்னாள் தளபதி அட்மிரல் எல்.ராம்தாஸ் மார்ச் 15 அன்று ஹைதராபாத்தில் காலமானார். 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலை நடத்தி வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை கடற்படைக்குத் தலைமை வகித்தவர். ஓய்வுக்குப் பிறகு அமைதிக்காகப் பாடுபட்டு 2004-இல் மகசேசே விருது வாங்கியவர். 90 வயது நிறைந்த வாழ்வு.

இரண்டாவது செய்தி மூன்று நாள் கழித்து, மார்ச் 18 அன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த நாட்டில் இன்னும் புழக்கத்தில் இருந்த ஒரே வகைக் கல்நாரான வெள்ளைக் கல்நாருக்கு அரசின் சுற்றுச்சூழல் முகமை தடை அறிவித்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்லும் பொருள்தான்.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தோன்றும். எனக்கு மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். என் தாய்மாமா. அவரும் கடற்படைக்காரர்தான். அவரும் இந்த ஊரில்தான் இறந்தார். 1996-இல், 52 வயதில்.

*

அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நாங்கள் மெட்டுகூடா பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ், கடைத்தெருவில் ஹிந்தி, வீட்டுக்குள் தூத்துக்குடித் தமிழ். வெள்ளிக்கிழமை பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயில். செகந்திராபாத் தமிழர் வீடுகள் பலவற்றில் அன்று இதுதான் நடைமுறை.

மாமா வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வாசலில் ரிக்‌ஷா நிற்கும். வெள்ளைச் சீருடையில் ஒருவர் இறங்குவார். தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓடி வருவார்கள். கடலையே பார்க்காத ஊருக்குக் கப்பலிலிருந்து ஒரு ஆள் வந்தால் சும்மாவா? அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பாள். "யக்கா, முதல்ல ஒரு வாய் காப்பி" என்று அவர் கேட்கும்போது குரல் வீடு முழுக்க நிறையும். நல்ல நெஞ்சு, நல்ல மூச்சு. தூத்துக்குடியில் சின்ன வயதில் மூச்சடக்கி முங்குவதில் அவரை ஜெயிக்க ஆளில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

1960-இல், 16 வயதில், கடற்படையில் சேர்ந்தார். லோனாவலாவில் ஐ.என்.எஸ். ஷிவாஜி என்ற பயிற்சி நிலையத்தில் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டார். பெயர்தான் கப்பல் மாதிரி, இருப்பது மலைமேல். அங்கிருந்து பிரிட்டனில் கட்டி இந்தியா வாங்கிய ஒரு பழைய போர்க்கப்பலில் ஸ்டோக்கராகப் போனார். பாய்லர் அறைதான் அவர் உலகம். மேல்தளத்தில் பேண்டு வாசித்துக் கொடி ஏற்றும்போது அவர் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, வெக்கையில் வெந்துகொண்டு நிற்பார்.

"மேல நிக்கவன் கடலப் பாப்பான், கீழ நிக்கவன் கடிகாரத்தப் பாப்பான்" என்பார். கடிகாரம் என்று அவர் சொன்னது நீராவி அழுத்தம் காட்டும் கேஜை.

1971 போரைப் பற்றிக் கேட்டால் தன் கப்பலை விட்டுவிட்டு விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தைப் பற்றித்தான் பேசுவார். விக்ராந்தில் நாலு பாய்லர். அதில் ஒன்று விரிசல் விட்டு, பயன்படாமல் போயிருந்தது. மற்ற மூன்றை வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குப் போனார்கள். டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. "பிளேன் ஓட்டுனவன் பேரு பேப்பர்ல வந்துச்சு. சரிதான், வரவேண்டியதுதான். அந்த மூணு பாய்லரையும் அணையாமப் பாத்துக்கிட்டவன் எத்தன பேரு தெரியுமா மருமவனே?" என்று என்னைக் கேட்பார். எட்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

நாங்கள் விரும்பிக் கேட்ட கதை போர்க்கதை இல்லை. பனிக்கதை.

பாய்லரிலிருந்து போகும் நீராவிக் குழாய்களைச் சூடு வெளியேறாமல் இருக்க ஒரு பொருளால் மூடியிருப்பார்கள். லேகிங் என்பார்கள். மூட்டையில் வரும், பஞ்சும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். பக்கெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே பிசைய வேண்டும். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு குழைப்போம்லா, அதே பதம்" என்று மாமா கையைக் காற்றில் குழைத்துக் காட்டுவார். பிசைந்ததைக் குழாய்மேல் கை கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் துணி சுற்றித் தைத்து, பெயின்ட் அடிப்பார்கள். வால்வு கசிந்தால் இறுகிப்போன அதைச் சுத்தியலும் உளியும் வைத்துக் கொத்தி எடுக்க வேண்டும். பல்பு வெளிச்சத்தில் துகள் மிதக்குமாம். தலை, புருவம், தோள் எல்லாம் வெளுத்துப்போகுமாம். வயசுப் பையன்கள்தானே; ஈரமாகப் பிசைந்ததை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம். படுக்கைக்கு மேலேயும் அதே குழாய்தான் ஓடும். பீரங்கி சுட்டால் கப்பல் குலுங்கி, மேலே இருந்து பொலபொலவென்று முகத்தில் கொட்டுமாம்.

"சிம்லாவுக்குப் போவாமலே பனியப் பாத்தவன் நான்" என்று முடிப்பார். நாங்கள் கைதட்டுவோம். "இன்னொரு தடவ, மாமா" என்போம்.

அந்தப் பொருளின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருக்கு அது லேகிங். எங்களுக்கு அது பனி.

*

அந்தப் பனி என்ன செய்யும் என்பது அவர் கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. இதை நான் தெரிந்துகொண்டது அவர் போன பிறகு.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்பாலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-இல் இறந்தாள். அவளுக்கு 33 வயது. அவள் நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக் அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1930-இல் பிரிட்டன் அரசுக்கு ஆய்வறிக்கை போனது. அடுத்த வருடமே கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. அந்த விதிகள் ஆலைகளுக்கு மட்டும். ஆலையில் தயாரானது கப்பலுக்குள் போய்க் குழாயைச் சுற்றிக்கொண்ட பிறகு அதைக் கொத்தி எடுத்த கைகளை யாரும் எண்ணவில்லை.

1960-இல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் வாக்னரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்நார்ச் சுரங்கங்கள் இருந்த பகுதியில் 33 பேருக்கு மீசோதிலியோமா என்ற அபூர்வமான புற்றுநோய் வந்திருந்தது. அவர்களில் சிலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை, பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கல்நாருக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் ஒப்புக்கொள்ள வைத்த கட்டுரை அது.

1960. மாமா கடற்படையில் சேர்ந்த அதே வருடம். ஒரு கண்டத்தில் டாக்டர் எழுதி முடித்துவிட்டார். இன்னொரு கண்டத்தில் 16 வயதுப் பையன் பக்கெட்டில் கை விடப் போகிறான். நடுவில் ஒரு கடல்தான்.

கல்நார் ஒரு கல். ஆனால் நாராக உரியும். அந்த நார் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத அளவு வரை பிரிந்துகொண்டே போகும். மூச்சில் உள்ளே போனால் நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுக்க வெளியே தள்ளவும் முடியாது. அங்கேயே கிடக்கும். இருமல் வராது, காய்ச்சல் வராது, வலி வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து ஒருநாள் மூச்சு வாங்கும். நுரையீரலைச் சுற்றி, முட்டை ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு மாதிரி, மெல்லிய உறை ஒன்று உண்டு. மீசோதிலியோமா பெரும்பாலும் வருவது அந்த உறையில்.

*

1975-இல், 15 வருடம் முடித்து, பென்ஷனோடு மாமா வெளியே வந்தார். வயது 31. தூத்துக்குடிக்குப் போகாமல் அக்கா இருக்கும் ஊருக்கே வந்துவிட்டார். பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வைத்திருந்ததால் பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அத்தையைக் கூட்டிவந்தார். மல்காஜ்கிரியில் ஒரு துண்டு நிலம் வாங்கி, 1976-இல் இரண்டு அறை வீடு கட்டினார்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். அன்று ஹைதராபாத்தில் நடுத்தர வீடு என்றால் அதுதான். இந்த நகரத்திலேயே தயாரானது. ஓட்டைவிடச் சீக்கிரம் போடலாம், கான்கிரீட்டைவிடச் செலவு குறைவு. தெலுங்கில் ரேக்குல இல்லு என்பார்கள். ஷீட்டை அளவுக்கு அறுக்கும் வேலையை மாமா ஆளிடம் விடவில்லை. கப்பலில் பழகிய கை. ரம்பத்தை எடுத்து அவரே அறுத்தார். ஒரு முனையை அவர் காலால் மிதித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பத்து வயது. சாம்பல் நிறத் தூசி என் டவுசரில் படிந்தது. "அசையாதல, மருமவனே" என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. ஷீட் கோணிவிடக் கூடாதே என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை டேங்க் பண்டுக்குக் கூட்டிப்போவார். ஹுசைன் சாகரில் பாய்மரப் படகு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். காற்று எங்கிருந்து வருகிறது, அந்தப் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்வார், அப்படியே திரும்பும். சில மாதம் சங்கீத் தியேட்டரில் இங்கிலீஷ் படம். மோட்டார் பைக்கில் முள்வேலி தாண்டும் ஸ்டீவ் மெக்குவீன்மேல் அவருக்கு ஒரு கிறக்கம். அந்த நடிகரும் பட்டாளத்தில் இருந்தவர், அமெரிக்க மரைன் படையில். சேவையின்போது ஒரு கப்பலின் குழாய்களில் இருந்த கல்நாரைக் கொத்தி எடுக்கும் வேலையைத் தண்டனையாகச் செய்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். 1980 நவம்பர் 7 அன்று இறந்தார். மீசோதிலியோமா. வயது 50. அந்தச் சாவுச் செய்தி வந்த அன்று மாமா வருத்தப்பட்டார். என்ன நோய் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

*

1990 மார்ச்சில் ஹுசைன் சாகர் நடுவில் நிறுத்துவதற்காகப் படகில் ஏற்றிக்கொண்டு போன புத்தர் சிலை தண்ணீரில் சரிந்தது. ஆட்கள் இறந்தார்கள். ஊரே கலங்கியது. இரண்டரை வருடத்துக்கும் மேல் அடியில் கிடந்த சிலையை மேலே எடுத்து, 1992 டிசம்பர் 1 அன்று பீடத்தில் நிறுத்தினார்கள். பார்க்கப் போகலாம் என்று மாமா சொன்னார். நான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன்.

டேங்க் பண்டு ஓரமாகத் தெலுங்குப் பெரியோர்களின் சிலைகள் வரிசையாக இருக்கும். இரண்டு சிலை தாண்டினோம். மாமா நின்றார். மூன்றாவது சிலையின் பீடத்தில் உட்கார்ந்தார். ஏரிக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. "என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்ல, காத்து பத்தல" என்றார். மறுபடி எழுந்தார். மறுபடி மூன்று சிலை. மறுபடி உட்கார்ந்தார். மூச்சடக்கி முங்குவதில் ஜெயித்தவருக்கு வயது அப்போது 48.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாழ்க்கை.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு உறிஞ்சினார்கள், பாட்டில் நிறைந்தது. பதினைந்து நாளில் திரும்பக் கோத்தது. டி.பி. என்றார்கள். நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் நினைப்பது அதைத்தான். அதில் தவறு சொல்ல முடியாது. மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். முழுக் கோர்ஸும் சாப்பிட்டார். தணியவில்லை. வேறு ஆஸ்பத்திரி, மறுபடி அதே மாத்திரை. எடை குறைந்தது. பேண்ட் இடுப்பில் நிற்பதற்காக அத்தை பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டே போனாள். கடைசித் துளையை ஆணியைச் சுட்டுப் போட்டாள். அந்த பெல்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடற்படையில் கொடுத்த பெல்ட். ஒரு பக்கம் ஒரு துளை, தள்ளி ஏழு துளை.

ஒவ்வொரு டாக்டரும் கேட்டார், "சிகரெட் உண்டா?" மாமா சிகரெட்டைத் தொட்டதில்லை. "இல்லை" என்பார். அத்தோடு கேள்வி முடிந்துவிடும். மூன்று வருடத்தில் எத்தனையோ டாக்டர்கள். ஒருவரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

1995-இல்தான் அது கேட்கப்பட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்த இளம் பெண் டாக்டர். பழைய எக்ஸ்ரேக்களைத் தேதிவாரியாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து மாமா பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தெலுங்கில் கேட்டார்: "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"நேவி."

"நேவியில் என்ன வேலை?"

"பாய்லர் ரூம்."

"குழாய்க்கு லேகிங் போடுவாங்களே, அது நீங்களும் செஞ்சிருக்கீங்களா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்ட முதல் டாக்டர். தெலுங்கும் ஹிந்தியும் கலந்து, மூச்சு வாங்க வாங்க, பனிக்கதையை அவரிடம் சொன்னார். பக்கெட், பிசைவது, கொத்துவது, எறிந்து விளையாடியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, பேனாவை மூடி, மேஜைமேல் வைத்தார். அந்த ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது.

திசு எடுத்துச் சோதித்தார்கள். மீசோதிலியோமா. கப்பலில் புகுந்தது முப்பது வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். கடைசி நாட்களில் படுக்க முடியாது. முன்னால் தலையணை அடுக்கி அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். தலைக்கு மேலே அவர் கையால் அறுத்துப் போட்ட ஷீட்.

*

அதே 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவர் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. கல்நார் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலை முடிந்ததிலிருந்து 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

40 வருடம் என்ற அந்த எண்ணில் எவ்வளவு அறிவு இருக்கிறது! நோய் காத்திருக்கும் காலத்துக்குக் காகிதமும் காத்திருக்க வேண்டும். மாமாவின் கடற்படை டிஸ்சார்ஜ் புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எந்தெந்தக் கப்பல், எத்தனை நாள், நடத்தை மிக நன்று, நீச்சல் தேர்ச்சி, உயரம், மார்பளவு எல்லாம் இருந்தது. கையில் என்ன பிசைந்தார் என்பது இல்லை. அந்தப் பதிவேடு அவர் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. நாங்கள் அதைக் கதையென்று கேட்டோம்.

பிறகு உலகம் மாறியது. அந்தக் கப்பல்களைக் கட்டிய பிரிட்டன் 1999-இல் கல்நாரை முற்றாகத் தடை செய்தது. 2006-இல் குஜராத்தின் அலாங்கில் உடைப்பதற்காக வந்துகொண்டிருந்த பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளெமென்சோவை, அதிலிருந்த கல்நாரால் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதிபர் சிராக் பாதி வழியில் திருப்பி அழைத்தார். கடைசியில் அது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் உடைபட்டது. கல்நாரை எடுப்பவர்கள் இன்று எப்படி வேலை செய்ய வேண்டும் என்று படித்தேன். தலை முதல் கால்வரை மூடிய உடை, வடிகட்டியுள்ள முகமூடி, காற்று வெளியேறாமல் அடைத்த அறை, நனைத்து எடுத்து இரட்டைப் பையில் கட்டுவது, வேலை முடிந்ததும் குளியல். என் மாமா பனியனோடு நின்ற இடத்தில் இன்று நிற்க இத்தனை வேண்டும்.

கப்பலில் மாறியது எங்கள் தெருவில் மாறவில்லை. 2009-இல் அத்தை போன பிறகு மல்காஜ்கிரி வீட்டை விற்றோம். அந்த இடத்தில் இன்று ஐந்து மாடி அபார்ட்மெண்ட். வீட்டை இடித்த அன்று போயிருந்தேன். கூலியாட்கள் கடப்பாறையால் ஷீட்டை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துண்டு. அவர்கள் பிள்ளைகள் கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கித் தரையில் கோடு போட்டு பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். மேஸ்திரி என்னைப் பார்த்து, "சார், நாப்பது வருஷமா இதைத்தான் உடைக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்றார். நாற்பது வருடம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. குழாயை இழுத்துவந்து நானே தண்ணீர் அடித்தேன். பிள்ளைகளைக் கைகழுவ வைத்தேன். அன்று செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இந்தியாவில் கல்நார் சுரங்கக் குத்தகைகள் முப்பது வருடங்களுக்கு மேலாகப் புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் வெள்ளைக் கல்நாரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறோம். அதிகம் இறக்குமதி செய்யும் நாடுகளில் முன்வரிசையில் நிற்கிறோம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நாமும் செய்ய வேண்டும். மாற்று ஷீட்டுகள் சந்தையில் இருக்கின்றன.

*

எனக்கு இப்போது 58 வயது. மாமாவைவிட ஆறு வருடம் மூத்தவனாகிவிட்டேன். ஒவ்வொரு வருடமும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன்: பத்து வயதில் சிமெண்ட் ஷீட் அறுக்கும்போது பக்கத்தில் நின்றேன்.

அட்மிரல் ராம்தாஸுக்கு ஊர் அஞ்சலி செலுத்திய அந்த வாரம் நானும் மனதுக்குள் வணங்கினேன். கூடவே கீழ்த்தளத்தில் நின்ற எல்லோரையும் வணங்கினேன்.

மாமா காலத்தில் இல்லாத ஒரு வசதி இன்று இருக்கிறது. 2003 ஏப்ரலிலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கென்று இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. செகந்திராபாத்திலும் பாலிகிளினிக் உண்டு. அங்கே போகும் ஒவ்வொரு மூத்த மாலுமியின் கோப்பிலும் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி அச்சாக வேண்டும்: எந்தக் கப்பல், எந்த அறை, கையில் எந்தப் பொருள்? பாய்லர் அறையிலும் இன்ஜின் அறையிலும் இருந்தவர்களுக்கு, நோய் வந்தாலும் வராவிட்டாலும், தவறாமல் நுரையீரல் பரிசோதனை நடக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா, தாத்தா, மாமா யாராவது பழைய கப்பலில், நீராவி இன்ஜின் ஷெட்டில், அனல்மின் நிலையத்தில், ஷீட் போடும் வேலையில் இருந்தவரா? இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், எந்த இடம், என்ன வேலை, கையில் என்ன தொட்டார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அவருடைய மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.

வீட்டில் பழைய சிமெண்ட் ஷீட் இருந்தால் முழுசாக இருக்கும்வரை அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

என் மாமா சொன்ன கதையை நாங்கள் கைதட்டிக் கேட்டோம். நீங்கள் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள்.